நலம் அறிவோம்: பெருங்குடல் புற்றுநோய் தரும் பத்து வருட அவகாசம்... கொலோனோஸ்கோப்பி யாருக்கு, எப்போது?

2000-ம் ஆண்டு மார்ச் மாதம். அமெரிக்காவின் என்.பி.சி தொலைக்காட்சியில் காலை நேரத்தில் வரும் 'டுடே' நிகழ்ச்சி. காபி குடித்தபடி டி.வி-யைப் போட்டவர்கள் அன்று பார்த்தது, காலை நேரத்தில் யாரும் எதிர்பார்க்காத ஒரு காட்சி. தினமும் சிரித்த முகத்துடன் செய்திகளைத் தொகுத்து வழங்கும் கேட்டி கூரிக், மருத்துவமனைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அவருடைய பெருங்குடலுக்குள் சென்ற கேமரா படம்பிடித்தவை திரையில் ஓடிக்கொண்டிருந்தன.

பரபரப்புக்காக அவர் அதைச் செய்யவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்பு, 1998 ஜனவரியில், அவருடைய கணவர் ஜே மொனாஹன் பெருங்குடல் புற்றுநோயால் இறந்துபோயிருந்தார். வழக்கறிஞரான அவருக்கு வயது 42. நோய் இருப்பது தெரிந்த ஒன்பது மாதங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. மூத்த மகளுக்கு அப்போது 6 வயது, இளையவளுக்கு 2.

'என் கணவருக்கு நேர்ந்தது இன்னொரு வீட்டில் நேரக் கூடாது' என்பதுதான் கேட்டியின் நோக்கம். அது வீண்போகவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வு, அந்த ஒளிபரப்புக்குப் பிறகு அமெரிக்காவில் கொலோனோஸ்கோப்பி செய்துகொள்பவர்களின் எண்ணிக்கை 20 சதவிகிதத்துக்கும் மேல் கூடியதைக் காட்டியது. பிரபலம் ஒருவர் முன்வந்து பேசினால் மக்கள் பரிசோதனைக்கு வருவார்கள் என்பதற்கு, 'கூரிக் எஃபெக்ட்' என்றே ஒரு பெயர் நிலைத்துவிட்டது.

ஒரே ஒரு பரிசோதனைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? காரணம் இருக்கிறது. பெரும்பாலான புற்றுநோய்ப் பரிசோதனைகள், வந்துவிட்ட புற்றுநோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவுபவை. கொலோனோஸ்கோப்பி அதைச் செய்வதோடு, புற்றுநோய் வருவதற்கு முன்பே அதன் விதையைக் கிள்ளி எறியவும் உதவுகிறது.

சுவரில் முளைக்கும் சின்ன மொட்டு

சிறுகுடலில் செரிமானம் முடிந்து வரும் மிச்சத்திலிருந்து தண்ணீரையும் உப்புகளையும் உறிஞ்சிக்கொண்டு, கழிவை மலமாக்கி அனுப்புவது பெருங்குடலின் வேலை. நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். வலதுபக்க அடிவயிற்றில் தொடங்கி மேலேறி, குறுக்கே சென்று, இடதுபக்கம் இறங்கி, மலக்குடலில் முடிகிறது.

இந்தக் குழாயின் உட்சுவரில் இருக்கும் செல்கள், சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். அப்படி உருவாகும்போது கட்டுப்பாட்டை மீறிச் சில செல்கள் பெருகினால், சுவரில் ஒரு மொட்டுபோல வளரும். அதுதான் 'பாலிப்'. சில பாலிப்கள் காளான்போலக் காம்புடன் நிற்கும். சில, தோசைக்கல்லில் ஊற்றிய மாவுபோலத் தட்டையாகப் படர்ந்திருக்கும். வலிக்காது. பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது.

எல்லா பாலிப்களும் புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால், பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு பாலிப்பில்தான் தொடங்குகின்றன. 'அடினோமா' என்ற வகைதான் இதில் முக்கியமானது. 1 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்டால் ஆபத்து கூடுகிறது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட் வோகல்ஸ்டைன் குழுவினர் 1988-ல் வெளியிட்ட ஆய்வு, இந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாக விளக்கியது. ஒரு மரபணுவில் கோளாறு ஏற்பட்டதும் புற்றுநோய் வந்துவிடுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பல மரபணுக்களில் கோளாறுகள் சேர்ந்துகொண்டே போக வேண்டும். சின்ன அடினோமா பெரிதாகி, புற்றுநோயாக மாற, பொதுவாகப் பத்து ஆண்டுகள் வரை ஆகும்.

பயமுறுத்தும் இந்த நோய் தரும் ஒரே சலுகை இந்தப் பத்து வருட அவகாசம்தான். அதைப் பயன்படுத்திக்கொள்வதற்குத்தான் பரிசோதனை.

வயிற்றைத் திறக்காமல் ஒரு கம்பி வளையம்

1960-களின் பிற்பகுதி வரை பெருங்குடலின் உட்பகுதியில் இருக்கும் ஒரு பாலிப்பை எடுக்க வேண்டுமென்றால், வயிற்றைத் திறந்து அறுவைசிகிச்சை செய்ய வேண்டும். மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும் மொட்டுக்காக நாள் கணக்கில் மருத்துவமனையில் கிடக்க வேண்டும்.

நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் பணியாற்றிய, ஜப்பானில் பிறந்த ஹிரோமி ஷின்யாவும், அவருடன் பணியாற்றிய வில்லியம் வுல்ஃபும் இதை மாற்றினார்கள். வளையும் தன்மைகொண்ட கொலோனோஸ்கோப் கருவிக்குள் மெல்லிய கம்பி வளையம் ஒன்றைச் செலுத்தி, பாலிப்பின் அடியில் சுருக்குப் போட்டு, மின்சாரம் பாய்ச்சி வெட்டியெடுக்கும் முறையை 1969-ல் செய்து காட்டினார்கள். 1973-ல் தங்கள் அனுபவத்தை மருத்துவ இதழில் வெளியிட்டபோது, வயிற்றில் கத்தி வைக்காமலேயே பாலிப்பை அகற்றலாம் என்பது உலகத்துக்குத் தெரிந்தது.

அன்றுமுதல் கொலோனோஸ்கோப்பி, பார்க்கும் கருவி மட்டுமல்ல, சிகிச்சை தரும் கருவியும்கூட. பார்க்கும்போதே பாலிப் இருந்தால், பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுகிறார்கள். எடுத்தது எந்த வகை என்று ஆய்வகத்தில் பார்க்கிறார்கள்.

முந்தைய நாள்தான் உண்மையான சோதனை

கொலோனோஸ்கோப்பி செய்துகொண்டவர்களிடம் கேட்டால், பரிசோதனையைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். முந்தைய நாளைப் பற்றித்தான் பேசுவார்கள்!

குடல் சுத்தமாக இருந்தால்தான் உள்ளே இருக்கும் சின்ன பாலிப் கண்ணில் படும். வீட்டைப் பெருக்காமல் கீழே விழுந்த குண்டூசியைத் தேட முடியாது அல்லவா? அதனால் பரிசோதனைக்கு இரண்டு, மூன்று நாள்களுக்கு முன்பிருந்தே நார்ச்சத்து குறைந்த உணவுகளைச் சாப்பிடச் சொல்வார்கள். கீரை, முழுதானியங்கள், கொய்யா, தக்காளி போன்ற விதையுள்ள பழங்கள், எள், கொட்டை வகைகள் கூடாது. இட்லி, ரசம் சாதம், தயிர் சாதம் போன்றவை பெரும்பாலும் பிரச்னையில்லை.

முந்தைய நாள் தெளிவான திரவ உணவு மட்டும். வழுக்கை இல்லாத இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பால் சேர்க்காத டீ, வடிகட்டிய தெளிவான சூப் போன்றவை. பீட்ரூட் ஜூஸ், திராட்சை ஜூஸ் போன்ற சிவப்பு, ஊதா நிற பானங்களைத் தவிர்க்க வேண்டும். உள்ளே ரத்தம்போலத் தெரிந்து குழப்பிவிடும்.

அடுத்தது, குடலைச் சுத்தம் செய்யும் மருந்து. தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டிய பவுடராகக் கொடுப்பார்கள். சுவை அவ்வளவு நன்றாக இருக்காது. குளிர வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் குமட்டல் குறையும். முழுவதையும் ஒரே மூச்சில் குடிக்காமல், முந்தைய நாள் மாலையில் பாதி, பரிசோதனை நாளின் அதிகாலையில் மீதி என இரண்டாகப் பிரித்துக் குடித்தால் குடல் இன்னும் நன்றாகச் சுத்தமாகும். குடித்த சில மணி நேரத்தில் கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடையாய் நடக்க வேண்டியிருக்கும். கடைசியில் வெளியேறுவது தெளிந்த மஞ்சள் நிறத் தண்ணீராக இருந்தால், குடல் தயார் என்று அர்த்தம்.

இந்த இடத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், சர்க்கரைநோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சிறுநீரகம் அல்லது இதயப் பிரச்னை உள்ளவர்கள் இதையெல்லாம் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது, எந்த மருந்தைக் குடிப்பது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். தாங்களாகவே நிறுத்துவதும் ஆபத்து, சொல்லாமல் விடுவதும் ஆபத்து. இரும்புச்சத்து மாத்திரையைச் சில நாள்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடல் சுவரை மறைத்துவிடும்.

உள்ளே நடப்பது என்ன?

பரிசோதனைக்கு முன்பு நரம்பு வழியாக மயக்க மருந்து தருவார்கள். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, விரல் தடிமனுள்ள வளையும் குழாயை ஆசனவாய் வழியாக மெதுவாகச் செலுத்துவார்கள். அதன் முனையில் கேமராவும் விளக்கும் இருக்கும். குடல் விரிந்துகொடுப்பதற்காகக் காற்றோ கார்பன் டை ஆக்ஸைடோ செலுத்தப்படும். பெருங்குடலின் தொடக்கம் வரை போய்விட்டு, வெளியே இழுத்துக்கொண்டு வரும்போதுதான் சுவரை அங்குலம் அங்குலமாக அலசுவார்கள். எல்லாம் சேர்த்துப் பொதுவாக அரை மணி நேர வேலை.

திரும்பி வரும் இந்தப் பயணத்துக்குக் குறைந்தபட்சம் 6 நிமிடங்களாவது ஒதுக்க வேண்டும் என்பது மருத்துவ உலகம் வகுத்துள்ள அளவுகோல். அவசரமாக இழுத்தால், மடிப்புகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பாலிப் தப்பிவிடும். ஒரு மருத்துவர் செய்யும் பரிசோதனைகளில் எத்தனை சதவிகிதத்தில் அடினோமாவைக் கண்டுபிடிக்கிறார் என்பதையும் கணக்கு வைக்கிறார்கள். இந்த விகிதம் ஒரு சதவிகிதம் கூடும்போது, அவரிடம் பரிசோதனை செய்துகொண்டவர்களுக்குப் பின்னாளில் புற்றுநோய் வரும் ஆபத்து 3 சதவிகிதம் குறைவதை 2014-ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. பரிசோதனை எவ்வளவு முக்கியமோ, அதைப் பொறுமையாகச் செய்வதும் அவ்வளவு முக்கியம்.

முடிந்த பிறகு சிறிது நேரம் வயிறு உப்புசமாக இருக்கும். வாயு வெளியேறியதும் சரியாகிவிடும். மயக்க மருந்தின் தாக்கம் இருப்பதால், அன்று முழுவதும் வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவர் கட்டாயம் வர வேண்டும்.

ஆபத்தே இல்லையா? உண்டு. குடலில் ஓட்டை விழுவது, பாலிப்பை எடுத்த இடத்தில் ரத்தம் கசிவது ஆகிய இரண்டும்தான் முக்கியமானவை. ஓட்டை விழும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. வீட்டுக்கு வந்த பிறகு கடுமையான வயிற்றுவலி, காய்ச்சல், அதிக ரத்தப்போக்கு இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வெட்கமா? ஒரு பந்தயக் கதை!

'அங்கெல்லாம் கேமரா விடுவாங்களா?' என்ற கூச்சம் உலகம் முழுக்க உண்டு. 'டெட்பூல்' ஹீரோ ரயன் ரெனால்ட்ஸும் அவருடைய நண்பர், நடிகர் ராப் மெக்கல்ஹென்னியும் இந்தக் கூச்சத்தை ஒரு பந்தயமாக்கினார்கள். 'நீ வெல்ஷ் மொழியைக் கற்றுக்கொண்டுவிட்டால், நான் என் கொலோனோஸ்கோப்பியை ஊருக்கே காட்டுகிறேன்' என்றார் ரெனால்ட்ஸ். நண்பர் கற்றுக்கொண்டுவிட்டார்!

2022 செப்டம்பரில் அந்த வீடியோ வெளியானது. 45 வயதான ரெனால்ட்ஸுக்கு எந்த அறிகுறியும் இல்லை. ஆனால், பெருங்குடலின் வலதுபக்கத்தில் கண்ணுக்கு எளிதில் சிக்காத பாலிப் ஒன்று இருந்தது. அங்கேயே அகற்றப்பட்டது. மெக்கல்ஹென்னியும் பரிசோதனை செய்துகொண்டார். அவருக்கு மூன்று பாலிப்கள்.

யாருக்கு, எந்த வயதில்?

அமெரிக்காவில் நீண்டகாலம் 50 வயதுதான் தொடக்கக் கோடாக இருந்தது. 2021 மே மாதம் அங்குள்ள நோய்த்தடுப்புப் பணிக்குழு அதை 45-ஆகக் குறைத்தது. 45 முதல் 75 வயது வரை அனைவருக்கும் ஏதாவது ஒரு முறையில் பரிசோதனை. 76 முதல் 85 வரை உடல்நிலையைப் பொறுத்து முடிவு என்பது அதன் பரிந்துரை. கொலோனோஸ்கோப்பியில் எதுவும் இல்லையென்றால், அடுத்த பரிசோதனை பத்து ஆண்டுகள் கழித்துப் போதும். பாலிப் இருந்தால், அதன் எண்ணிக்கை, அளவு, வகையைப் பொறுத்து இடைவெளி குறையும்.

ஏன் குறைத்தார்கள்? 'பிளாக் பாந்தர்' நாயகன் சாட்விக் போஸ்மேனின் கதை பலருக்கும் நினைவிருக்கும். 2016-ல் பெருங்குடல் புற்றுநோய் மூன்றாம் நிலையில் இருப்பது தெரிந்தபோது அவருக்கு 40 வயதுகூட ஆகவில்லை. அறுவைசிகிச்சைக்கும் கீமோதெரபிக்கும் நடுவே யாருக்கும் தெரியாமல் படங்களில் நடித்துக்கொண்டிருந்தார். 2020 ஆகஸ்ட் 28-ல் இறந்தபோது அவருக்கு வயது 43. நோய் இருந்ததே அன்றுதான் ரசிகர்களுக்குத் தெரியும்.

இது ஒரு தனிமனிதரின் துயரம் மட்டுமல்ல. 1950-ஐ ஒட்டிப் பிறந்தவர்களோடு ஒப்பிட்டால், 1990-ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து இரண்டு மடங்கு, மலக்குடல் புற்றுநோய் ஆபத்து நான்கு மடங்கு என்று அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் 2017 ஆய்வு கணக்கிட்டது. 1995-ல் அங்கே இந்த நோயாளிகளில் 55 வயதுக்குக் கீழ் இருந்தவர்கள் 11 சதவிகிதம். 2019-ல் அது 20 சதவிகிதம்.

தையல்காரப் பெண்ணின் பயம்

எல்லோருக்கும் 45 என்ற கணக்கு பொருந்தாது. இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய சம்பவம் உதவும்.

1895-ம் ஆண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நோய்க்குறியியல் மருத்துவர் ஆல்ட்ரெட் வார்தினிடம் அவருடைய தையல்காரப் பெண் வருத்தத்துடன் ஒன்றைச் சொன்னார். தன் குடும்பத்தில் பலரும் புற்றுநோயில் இறந்திருப்பதாகவும், தானும் அப்படித்தான் சீக்கிரம் இறந்துபோவேன் என்றும். வார்தின் அதை வீண் பயமென்று ஒதுக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் வரலாற்றைச் சேகரிக்கத் தொடங்கினார். 1913-ல் வெளியிட்டார். அந்தப் பெண் பயந்தபடியே கருப்பைப் புற்றுநோயால் இளம்வயதில் இறந்தார்.

1960-களில் ஹென்றி லிஞ்ச் என்ற மருத்துவர் இதேபோன்ற குடும்பங்களை ஆராய்ந்தார். பரம்பரையாக வரும் அந்தக் கோளாறு இன்று 'லிஞ்ச் சிண்ட்ரோம்' எனப்படுகிறது. செல்கள் பிரியும்போது மரபணுவில் ஏற்படும் பிழைகளைத் திருத்தும் வேலை இவர்களுக்குச் சரியாக நடக்காது. பெருங்குடலிலும் கருப்பையிலும் இளம்வயதிலேயே புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம். இவர்களுக்குப் பொதுவாக 20-25 வயதிலிருந்தே, ஒன்று அல்லது இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி பரிந்துரைக்கப்படுகிறது. பதின்பருவத்திலேயே நூற்றுக்கணக்கில் பாலிப்கள் முளைக்கும் இன்னொரு பரம்பரைக் கோளாறும் உண்டு. அவர்களுக்கு இன்னும் சீக்கிரமாகவே கண்காணிப்பு தேவை.

பரம்பரைக் கோளாறு எதுவும் கண்டறியப்படாவிட்டாலும், அப்பா, அம்மா, அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பிள்ளைகள் என நெருங்கிய ரத்த உறவில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் இருந்தால், 40 வயதில் பரிசோதனையைத் தொடங்க வேண்டும். அல்லது அவருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதிலிருந்து பத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுதான் கணக்கு. அப்பாவுக்கு 45-ல் வந்திருந்தால், பிள்ளைகள் 35-லேயே பார்த்துவிட வேண்டும். குடலில் நாள்பட்ட அழற்சி நோய் உள்ளவர்களுக்கும் தனிக் கணக்கு உண்டு.

நம் வீடுகளில் 'பெரியப்பா எதனால் இறந்தார்?' என்று கேட்டால், 'வயித்துல கட்டி' என்பதோடு பேச்சு நின்றுவிடும். அது எந்த உறுப்பில், எந்த வயதில் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்வது அடுத்த தலைமுறைக்குச் செய்யும் உதவி.

எல்லா ரத்தமும் மூலம் அல்ல!

இதுவரை சொன்ன வயதுக் கணக்கெல்லாம் அறிகுறி இல்லாதவர்களுக்கு. அறிகுறி இருந்தால் வயதைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது.

மலத்தில் ரத்தம் தெரிந்ததும், 'மூலமா இருக்கும், சூட்டுல வந்திருக்கும்' என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. பல நேரங்களில் அது உண்மையிலேயே மூலமாகவோ, ஆசனவாய் வெடிப்பாகவோ இருக்கும். ஆனால், அதைச் சொல்ல வேண்டியது மருத்துவர். மூலம் இருக்கும் ஒருவருக்கு உள்ளே பாலிப்போ புற்றுநோயோ சேர்ந்தே இருக்கவும் முடியும். விளம்பரத்தைப் பார்த்து மூலத்துக்கு மருந்து வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால், கையிலிருக்கும் அவகாசம் கரைந்துபோகும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

* மலத்தில் ரத்தம் அல்லது மலம் கறுப்பாகப் போவது
* சில வாரங்களாகத் தொடரும் மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு அல்லது இரண்டும் மாறி மாறி வருவது
* போய்விட்டு வந்த பிறகும் முழுதாகப் போகாதது போன்ற உணர்வு
* காரணமில்லாமல் எடை குறைவது, தொடரும் வயிற்றுவலி
* இரும்புச்சத்துக் குறைபாட்டால் வரும் ரத்தசோகை

கடைசி அறிகுறி முக்கியமானது. பெருங்குடலின் வலதுபக்கக் கட்டிகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியும். வெளியே தெரிவது சோர்வும் மூச்சு வாங்குவதும் மட்டுமே. ஆண்களுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இத்தகைய ரத்தசோகை வந்தால், சத்து மாத்திரையோடு நிறுத்தாமல் ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும்.

சீக்கிரம் கண்டுபிடிப்பதற்கும் தாமதமாகக் கண்டுபிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. அமெரிக்கக் கணக்குப்படி, குடலைத் தாண்டாத நிலையில் கண்டறியப்பட்டால் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்பவர்கள் சுமார் 90 சதவிகிதம். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிவிட்டால் சுமார் 15 சதவிகிதம்தான்.

உண்மையிலேயே பலன் இருக்கிறதா?

பாலிப்களை அகற்றியவர்களைப் பல ஆண்டுகள் கண்காணித்த அமெரிக்க ஆய்வு, அவர்களிடையே பெருங்குடல் புற்றுநோய் மரணங்கள் எதிர்பார்த்ததைவிட 53 சதவிகிதம் குறைந்திருப்பதாக 2012-ல் தெரிவித்தது.

ஆனால், 2022-ல் வெளியான 'நோர்டிக்' ஆய்வு சற்று நிதானிக்க வைத்தது. போலந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளைச் சேர்ந்த சுமார் 84,600 பேரை வைத்து நடந்த ஆய்வு அது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடம் பத்து ஆண்டுகளில் புற்றுநோய் ஆபத்து 18 சதவிகிதம் குறைந்திருந்தது. மரணத்தில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. 'அவ்வளவுதானா?' என்று தலைப்புச் செய்திகள் வந்தன.

தலைப்பில் வராத செய்தி ஒன்று இருந்தது. அழைக்கப்பட்டவர்களில் 42 சதவிகிதம் பேர்தான் பரிசோதனைக்கு வந்தார்கள். வராதவர்களையும் சேர்த்துத்தான் அந்த 18 சதவிகிதம். அழைக்கப்பட்ட எல்லோரும் வந்திருந்தால் புற்றுநோய் ஆபத்து சுமார் 31 சதவிகிதமும், மரணம் சுமார் 50 சதவிகிதமும் குறைந்திருக்கும் என்று அதே ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அழைப்புக் கடிதம் யாரையும் காப்பாற்றுவதில்லை, போனால்தான் பலன்.

கேமரா வேண்டாமென்றால்?

கொலோனோஸ்கோப்பிதான் ஒரே வழி என்றில்லை. 'ஃபிட்' எனப்படும் மலப் பரிசோதனை, கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவைக் கண்டுபிடிக்கும். பத்தியம் வேண்டாம், பேதி மருந்து வேண்டாம், மயக்கம் வேண்டாம். சிறிதளவு மலத்தைக் குப்பியில் எடுத்துக் கொடுத்தால் போதும். ஜப்பான் 1992-லிருந்தே இதை நாடு முழுக்கப் பயன்படுத்துகிறது. ஸ்பெயினில் 50,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து, 2025-ல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 'ஃபிட்' செய்வது, பெருங்குடல் புற்றுநோய் மரணத்தைத் தடுப்பதில் கொலோனோஸ்கோப்பிக்குப் பின்தங்கிவிடவில்லை என்பது தெரியவந்தது. இதற்கு வந்தவர்களின் எண்ணிக்கையும் அதிகம்.

ஆனால் இரண்டு நிபந்தனைகள். ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடக் கூடாது, குறிப்பிட்ட இடைவெளியில் தொடர்ந்து செய்ய வேண்டும். முடிவு 'பாசிட்டிவ்' என்று வந்தால், கொலோனோஸ்கோப்பியைத் தவிர்க்கக் கூடாது. அறிகுறி உள்ளவர்களுக்கும், குடும்பத்தில் நோய் வரலாறு உள்ளவர்களுக்கும் நேரடியாகக் கொலோனோஸ்கோப்பிதான் ஏற்றது.

நம் நாட்டில்...

மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் இந்தப் புற்றுநோயின் விகிதம் குறைவுதான். அதனால் எல்லோருக்கும் பரிசோதனை என்ற தேசியத் திட்டம் இங்கே இல்லை. அரசின் தொற்றாநோய்த் திட்டத்தில் 30 வயதைக் கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்குத்தான் பரிசோதனை. யாரும் கடிதம் போட்டு அழைக்கப்போவதில்லை என்பதால், குடும்ப வரலாறும் அறிகுறிகளும் இங்கே கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றன. 45-ஐக் கடந்தவர்கள், தங்களுக்குப் பரிசோதனை தேவையா, எது ஏற்றது என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடலாம்.

தட்டிலும் கவனம் தேவை. சாஸேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்தப்பட்ட இறைச்சியைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 2015-ல் சேர்த்தது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் ஆபத்து 18 சதவிகிதம் கூடுகிறது. மது, புகை, உடல் பருமன், உட்கார்ந்தே இருப்பது ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. முழுதானியங்கள், பயறு, காய்கறி என நார்ச்சத்துள்ள உணவுகளும் தினசரி நடையும் குறைக்கின்றன. ஆனால், நல்ல உணவு பரிசோதனைக்கு மாற்று அல்ல.

மறந்துபோகும் தேதிகள்

கேட்டி கூரிக்கின் கதைக்கு இன்னொரு அத்தியாயம் உண்டு. பரிசோதனையைப் பற்றி 20 வருடங்களுக்கும் மேலாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அவர், 2022-ல் தன் மார்பகப் பரிசோதனைக்கான தேதி ஆறு மாதங்களுக்கு முன்பே கடந்துவிட்டதை மருத்துவர் நினைவுபடுத்திய பிறகுதான் உணர்ந்தார். போய்ப் பார்த்தபோது ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய் இருந்தது. அறுவைசிகிச்சையும் கதிர்வீச்சும் செய்துகொண்டார். மறந்துபோனதை மறைக்காமல் எழுதினார்.

அவருக்கே மறந்துபோகிறது. அதனால், மொபைலில் பிறந்தநாள்களையும் கரன்ட் பில் தேதியையும் குறித்துவைக்கும் நேரத்தில், வீட்டில் 45-ஐத் தாண்டியவர்களின் பெயரில் இந்தப் பரிசோதனைக்கும் ஒரு ரிமைண்டர் போட்டுவைக்கலாம். கையில் இருக்கும் பத்து வருடங்களில் எத்தனை ஏற்கெனவே கழிந்துவிட்டன என்பது, பார்க்காதவரை யாருக்கும் தெரியாது.